நங்கூரத்தைப் பற்ற வைத்தது யார்?

சமையலறை மேசைமேல் ஒரு சிகரெட் லைட்டர் படுத்துக் கிடந்தது. துணி காயப்போடும் கிளிப் ஒன்று அதன் முதுகையும் வயிற்றையும் சேர்த்துக் கவ்விப் பிடித்திருந்தது. வயிற்றின் மேல் வட்டமான ஒரு பித்தளை வில்லை.

"தொடாதே," என்றாள் ஜட்ஜம்மா, கண்ணைத் திறக்காமலே. ஒரு நாற்காலியில் சாய்ந்து, வீங்கிய கால்களை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தாள்.

"நான் எங்க தொட்டேன்? என் வில்லையை நான் பார்க்கக்கூடக் கூடாதா?" என்றான் கண்டக்டர். "எத்தனை வருஷம் என் நெஞ்சுல இருந்தது! இப்ப லைட்டர் நெஞ்சுக்கு மாத்தலாகிப் போயிருக்கு. ஒரு மாலை மரியாதைகூடக் கிடையாது."

ஜட்ஜம்மா ஜட்ஜ் இல்லை. நீதிமன்றத்தில் மற்றவர்கள் சொல்லும் பொய்களைச் சுருக்கெழுத்தில் எழுதியே பாதி ஆயுளைக் கழித்தவள். எது பொய் என்று காதுக்குத் தானாகவே தெரிய ஆரம்பித்ததும் அந்த வேலையை விட்டுவிட்டுத் துப்பறிய வந்துவிட்டாள். கண்டக்டர் நிஜமாகவே கண்டக்டர்தான். பஸ் கம்பெனியை மூடிய பிறகு போக்கிடமில்லாமல் இவளோடு ஒட்டிக்கொண்டவன்.

இருவருக்குமே இந்த வழக்கு அலுத்துப் போயிருந்தது. அதில் சிக்கல் என்று எதுவும் இல்லை. எல்லாமே கட்சிக்காரருக்கு எதிராக இருந்தன.

பட்டறைத் தெருவில் ஒரு வெல்டிங் பட்டறை போன வாரம் பட்டப்பகலில் எரிந்துபோனது. பட்டறையின் சொந்தக்காரனான வெல்டர் கையிலும் மார்பிலும் தீக்காயத்தோடு, ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். சாம்பலைக் கிளறிய போலீஸ்காரர்கள் ஒரு பித்தளை லைட்டரை எடுத்தார்கள். அதன்மேல் ஒரு நங்கூரச் சின்னம். அது யாருடையது என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வெல்டருடைய அக்கா புருஷன், 'கப்பல்காரர்'.

சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர் அவர். கடைசியாகப் போட்டிருந்த தொப்பியிலிருந்து அந்த நங்கூரத்தைக் கழற்றித் தன் கையாலேயே லைட்டரில் ஒட்டிக்கொண்டார். மச்சினனோடு அவருக்குப் பல வருஷமாகப் பேச்சு இல்லை. ஒரு கல்யாண வீட்டில், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து பார்க்கும்படி, 'உன் பட்டறையைக் கொளுத்தினாதான்டா எனக்கு நிம்மதி' என்று கத்தியிருக்கிறார். போலீசுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? லைட்டர் பட்டறை தீப்பிடிப்பதற்கு முன்னாலேயே சட்டைப் பையிலிருந்து காணாமல் போய்விட்டது என்று லாக்கப்பிலிருந்து அவர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவர் மனைவி மட்டும் ஜட்ஜம்மாவைத் தேடி வந்தாள். அழவில்லை. ஒரு வாரமாகத் தூங்காத கண்களோடு உட்கார்ந்து, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் விலாவாரியாகச் சொன்னாள். புருஷன் அந்த நங்கூரத்தை ஒட்டிய கதை.

"பின்னால ஊசி இருந்தது, தொப்பில குத்திக்க. அதை வெட்டி, அரத்தால ராவி சமமாக்கினார். லைட்டரையும் உப்புத்தாள் போட்டுச் சொரசொரன்னு ஆக்கினார். என் நகப்பாலிஷ் துடைக்கிற தண்ணியெல்லாம் காலி. ரெண்டு டியூப் பசையைத் தீக்குச்சியால குழைச்சு வெச்சு, மேல துணி கிளிப் போட்டு அப்படியே விட்டார். மறுநாள் காலைல வரைக்கும் அந்த மேசைப் பக்கம் என்னை அண்ட விடலை."

"அதுக்கப்புறம்?" என்று கேட்டாள் ஜட்ஜம்மா.

"அதுக்கப்புறம் என்ன? பையில போட்டுக்கிட்டார்," என்று சொல்லிவிட்டு அவள் எழுந்துவிட்டாள்.

அவள் சொன்னபடியே நேற்று மாலை கண்டக்டரின் வில்லையை, ஓட்டை விழுந்து காலியான ஒரு பழைய லைட்டரில் ஒட்டி வைத்தார்கள். இப்போது ஜட்ஜம்மா கண்ணைத் திறந்து, கால்களை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கினாள்.

"கிளிப்பை எடு. அசைச்சுப் பாரு."

கண்டக்டர் அசைத்தான், திருகினான், நகத்தை விட்டு நெம்பினான். வில்லை அசையவில்லை.

"கல்யாணம் ஆன மாதிரி ஒட்டியிருக்கு," என்றான்.

"உன் கல்யாணமா, என் கல்யாணமா?"

"பொதுவாச் சொன்னேன்."

"அடுப்பைப் பத்த வை. இடுக்கியால பிடிச்சுக் காட்டு."

நீலச் சுடரின் மேல் லைட்டர் கறுக்க ஆரம்பித்தது. ஒரு நாற்றம் கிளம்பியது. வில்லையின் ஓரத்தில் பழுப்பாக எதுவோ கொப்பளித்தது. கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் வில்லை வழுக்கிக்கொண்டு போய் அடுப்பு மேடையில் விழுந்தது.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சமையலறை அடுப்புக்கே இந்தக் கதி," என்றாள் ஜட்ஜம்மா. "ஒரு பட்டறையே எரிஞ்சிருக்கு. இரும்புச் சட்டமெல்லாம் வளைஞ்சு போயிருக்கு. அதுக்குள்ள கிடந்த லைட்டர்ல நங்கூரம் மட்டும் அப்படியே ஒட்டிக்கிட்டு இருந்ததாம்."

கண்டக்டர் மெதுவாக விசிலடித்தான். "அப்படின்னா நெருப்பு அணைஞ்ச பிறகு யாரோ கொண்டாந்து போட்டிருக்காங்க!"

"கரி பூசிப் போட்டிருக்காங்க. செருப்பை எடு. ஸ்டேஷனுக்குப் போவோம்."

"மாடிப்படி இருக்கே அங்க?"

"இருக்கட்டும். இன்னிக்கு ஏறிடலாம்."

---

இன்ஸ்பெக்டர் வயிற்றெரிச்சல் மாத்திரை ஒன்றை மென்றுகொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே மின்விசிறி, வேலையை எப்போது விடலாம் என்று யோசிப்பதுபோல் சுற்றிக்கொண்டிருந்தது.

"கப்பல்காரரை விடச் சொல்லி வந்திருக்கீங்க. முடியாது. வேற ஏதாவது?"

"முதல்ல உட்காரச் சொல்லுங்க. உங்க படிக்கட்டைக் கட்டினவனை லாக்கப்புல போட்டா நானே வந்து சாட்சி சொல்றேன்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியைக் காட்டினார். "அம்மா, எனக்கும் இதுல சந்தோஷமில்லை. ஆனா மிரட்டல் இருக்கு, லைட்டர் இருக்கு. பத்தாததுக்குப் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் வேற. தீப்பிடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னால வெல்டர் ஃபோன்ல சத்தமாப் பேசினதைக் கேட்டிருக்கார். 'இன்னிக்கே பத்த வெச்சிடுவேன், கவலைப்படாதே'ன்னு."

"அதைச் சொன்னது வெல்டரா? எரிஞ்சுபோன ஆளா?" என்றான் கண்டக்டர். "தன் பட்டறையைத் தானே கொளுத்துறதுக்கு நேரம் குறிச்சாரா?"

"மாமா மிரட்டினதை யார்கிட்டயோ சொல்லிக்கிட்டு இருந்திருப்பான். 'இன்னிக்கே பத்த வெச்சிடுவேன்னு சொல்றார், கவலைப்படாதே'ன்னு. பஞ்சர் கடைக்காரர் காதுல பாதிதான் விழுந்திருக்கும். ஃபோனும் எரிஞ்சுபோச்சு."

ஜட்ஜம்மா பையிலிருந்து கறுத்த லைட்டரையும் தனியாக வந்த வில்லையையும் எடுத்து மேசைமேல் வைத்து, அடுப்படியில் நடந்ததைச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் மெல்வதை நிறுத்தினார். இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து போய், இரும்பு அலமாரியிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றைக் கொண்டுவந்தார்.

"இதை நீங்க எடுத்துப் பார்க்கவே கூடாது," என்றபடி உறையைத் திறந்து, கைக்குட்டையால் பிடித்து லைட்டரைக் காட்டினார்.

ஜட்ஜம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். நெருப்பு அந்தப் பித்தளையைச் சும்மா விட்டிருக்கவில்லை. மூடி கோணிப்போயிருந்தது. பூசிய கரியைப் போலத் தெரியவில்லை, உள்ளேயிருந்தே கறுத்திருந்தது. ஆனால் நங்கூரம் அதன் இடத்திலேயே இருந்தது.

"கொஞ்சம் பஞ்சு கொடுங்க."

நங்கூரத்தின் இடது கொக்கியை ஒட்டி மெதுவாகத் துடைத்தாள். கரிக்கு அடியில் மெல்லிசாக ஒரு வெள்ளிக் கோடு மின்னியது. கொக்கிக்கும் லைட்டருக்கும் நடுவே உருக்கி ஊற்றியதுபோல் ஓடியிருந்தது. வலது கொக்கியைத் துடைத்தாள். அங்கே கோடு இல்லை. கறுப்பாகப் பொடிந்துபோன பசை. ஒரு நகம் நுழையும் இடைவெளி.

ஜட்ஜம்மா பஞ்சை மேசைமேல் வைத்தாள். முகம் வாடிவிட்டது.

"என் கணக்கு தப்பு. இதை யாரும் அப்புறம் கொண்டுவந்து போடலை. இது நெருப்புக்குள்ளயேதான் கிடந்திருக்கு."

"அப்ப நங்கூரம் ஏன் விழலை?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒரு பக்கம் பசை, ஒரு பக்கம் உலோகம். வீட்டுல ஒட்டினது விட்டுப்போயிருக்கு. யாரோ கேஸ் சுடரை வெச்சு ஒழுங்காச் சரிபண்ண ஆரம்பிச்சு, பாதியில நிறுத்தியிருக்காங்க. இந்தப் பக்கத்தை மட்டும்தான் பத்த வெச்சிருக்..."

அந்தச் சொல் வாயிலேயே நின்றுவிட்டது. கண்டக்டர் அவளைப் பார்த்தான். அவள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

"பஞ்சர் கடைக்காரர் காதுல பாதி விழலைங்க," என்றாள். "முழுசாத்தான் விழுந்திருக்கு. நாமதான் பாதியைப் புரிஞ்சுக்கிட்டோம். வெல்டர் 'பத்த வெச்சிடுவேன்'னா என்ன அர்த்தம்?"

கண்டக்டர் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஐயோ. நங்கூரத்தை!"

இன்ஸ்பெக்டர் மாத்திரை அட்டையைத் தேடினார். "ரெண்டு பேரும் முகம் பார்த்துக்கிறதே கிடையாது. கப்பல்காரர் போய் அவன்கிட்ட லைட்டரைக் கொடுத்திருக்க மாட்டார்."

"மாட்டார். அவர் தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னது நிஜம்தான். அவர் சட்டைப் பையிலயும் கை விடலாம், அந்தப் பட்டறைக்குள்ளயும் நுழையலாம்னு உரிமை உள்ள ஆள் உலகத்துல ஒருத்தர்தான் உண்டு." ஜட்ஜம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "என்கிட்ட வந்து எல்லாத்தையும் சொல்லிட்டு, ஒட்டினது விட்டுப்போச்சுங்கறதை மட்டும் சொல்லாம எழுந்து போனா பாருங்க, அவதான்."

---

தீக்காயப் பிரிவுக்கு வெளியே நீளமான தாழ்வாரம். சுவரோரம் இரும்பு பெஞ்சு. கப்பல்காரரின் மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தாள். லாக்கப்புக்கும் இந்த பெஞ்சுக்குமாக ஒரு வாரம் அலைந்த அசதி உடம்பெல்லாம் தெரிந்தது.

ஜட்ஜம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்டக்டரும் இன்ஸ்பெக்டரும் சற்றுத் தள்ளி நின்றார்கள்.

"நங்கூரம் எந்தப் பக்கம் விட்டுப்போச்சு?" என்று கேட்டாள் ஜட்ஜம்மா.

அவள் திரும்பவில்லை. "இடது பக்கம். தூக்கிக்கிச்சு. பேசும்போதெல்லாம் அதைப் பெருவிரலால அமுக்கிக்கிட்டே இருப்பார். கையைக் கிழிச்சுக்கிட்டார்கூட."

"தம்பிகிட்ட கொண்டுபோய்க் கொடுத்தீங்க."

"ஆமாம். உங்ககிட்ட வந்தப்பவே தொண்டை வரைக்கும் வந்துச்சும்மா. வெளிய வரலை. நான் சொல்லாமலே நீங்களாக் கண்டுபிடிச்சிடுவீங்கன்னு நினைச்சேன். அதனாலதான் ஒட்டின கதையை அவ்வளவு சொன்னேன்."

"ஏன் சொல்லலை? உங்க புருஷன் உள்ள இருக்கார்."

"சொன்னா யார் நம்புவா? புருஷனைக் காப்பாத்தக் கதை கட்டுறான்னு சொல்வாங்க. நம்பிட்டா அது இன்னும் மோசம். என் தம்பியை இந்தக் கதிக்கு ஆளாக்கினது நான்தான்னு ஆயிடும். அதை நானே என் வாயால சொல்லணும்." கைப்பையின் வாரை முறுக்கினாள். "எங்க வீட்டு வாசல் கேட்டை இவன்தான் பத்த வெச்சுக் கொடுத்தான். ஒட்டு விட்டு, கேட்டு அவர் கால் மேல விழுந்துச்சு. எலும்பு சேர்ந்துச்சு, நடை சேரலை. கப்பல்ல திரும்ப எடுத்துக்கலை. அதுலேர்ந்துதான் சண்டை. நான் மட்டும் அவருக்குத் தெரியாம தம்பியைப் போய்ப் பார்த்துக்கிட்டு இருந்தேன். நங்கூரம் விட்டுப்போனதும் எனக்கு ஒரு புத்தி. இதை இவனே நல்லபடியா ஒட்டிக் கொடுக்கட்டும், அவர் பார்த்து சந்தோஷப்படும்போது யார் ஒட்டினதுன்னு சொல்லிடலாம்னு. அன்னிக்கு ஃபோன் பண்ணி அவசரப்படுத்தினதும் நான்தான். லைட்டரைக் காணோம்னு அவர் வீட்டையே தலைகீழாக்கிக்கிட்டு இருந்தார்."

ஜட்ஜம்மா நீதிமன்றத்தில் எத்தனையோ பேர் பொய் சொன்னதை எழுதியிருக்கிறாள். இப்படி வாயை மூடிக்கொண்டு தன்னையே தண்டித்துக்கொண்டவர்களை எழுத அங்கே வழி இருந்ததில்லை.

வார்டுக் கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"அக்கான்னா யாரு? கண்ணு முழிச்சதுலேர்ந்து அக்கா அக்கான்னு கேட்டுக்கிட்டு இருக்கார்."

---

வெல்டரின் இரண்டு கைகளும் கட்டுக்குள் இருந்தன. குரல் மட்டும் வெளியே இருந்தது, அதுவும் கரகரத்து. அக்காவைப் பார்த்ததும் முதலில் அதைத்தான் சொன்னான்.

"கொடுக்க முடியலைக்கா. பாதிதான் முடிச்சேன்."

அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

இன்ஸ்பெக்டர் கேட்கக் கேட்க அவன் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். லைட்டருக்குள் இருந்த பஞ்சையும் திரியையும் கூட்டோடு உருவி வெளியே எடுத்திருக்கிறான். அது ஜாக்கிரதைதான். ஆனால் எடுத்ததை அதே மேசையில் வைத்துவிட்டான். அதில் ஊறியிருந்த பெட்ரோல் மேசையில் கசிந்திருக்கிறது. பக்கத்திலேயே பெயிண்டுக்கு வைத்திருந்த தின்னர் டப்பா, மூடாமல். நங்கூரத்தின் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு, மறுபக்கத்துக்குத் திரும்பியபோது சுடரும் கூடவே திரும்பிவிட்டது.

"கேட்டு ஒட்டு அன்னிக்கு விட்டுடுச்சு. இதாவது நிக்கணும்னு வெள்ளிக் கம்பியில ஒட்டினேன். கண்ணு அந்தக் கொக்கி மேலயே இருந்துச்சு. மேசையைப் பார்க்கலை," என்றான் வெல்டர். பிறகு கலவரமாகக் கேட்டான்: "மாமாவை எதுக்குப் பிடிச்சீங்க? அவர் அந்தப் பக்கமே வரமாட்டாரே."

"அவரைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "நீங்க சொன்னதை எழுதிக் கையெழுத்து..." கட்டுப் போட்ட கைகளைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "அப்புறம் வாங்கிக்கிறேன்."

கப்பல்காரர் வந்தபோது அவரோடு ஒரு கான்ஸ்டபிள் இருந்தான். ஒரு வாரத் தாடி. இடது காலை இழுத்து இழுத்து நடந்து வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். இன்ஸ்பெக்டர் அவரிடம் தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டிருந்தாரே தவிர, பார்வை முழுக்கக் கட்டிலில் இருந்தது.

 

கப்பல்காரர் கட்டில் அருகே போனார். மச்சினனின் கைக்கட்டுகளை, ஏதோ எஞ்சினில் பழுது எங்கே என்று பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தார்.

"பட்டறை வெச்சிருக்கிறவனுக்கு," என்றார், "தின்னர் டப்பாவை மூடி வைக்கணும்னு தெரியாதா?"

"தெரியும் மாமா."

"என்னத்தைத் தெரியும்? எங்க கப்பல்ல இப்படி வேலை பார்த்திருந்தா நடுக்கடல்ல இறக்கி விட்டிருப்பாங்க."

"சரி மாமா."

"சரியாம் சரி. முட்டாள். பேசாதே, தொண்டை புண்ணாகும்." தலையணை ஒரு பக்கம் சரிந்திருந்தது. அதை நிமிர்த்தி வைத்தார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்துவிட்டார்.

மனைவி ஏற்கெனவே தாழ்வாரத்துக்கு வந்து பழைய பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவர் அவளுக்கு எதிரே நின்றார். ஜட்ஜம்மா பெஞ்சின் மறுகோடியில் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். எழுந்து போக நினைத்தாள், முடியவில்லை.

"இத்தனை வருஷமும் அவனைப் போய்ப் பார்த்துக்கிட்டுதான் இருந்தியா?" என்று கேட்டார் கப்பல்காரர்.

"ஆமாம்."

அவர் சுவரைப் பார்த்தார். லாக்கப்பில் இருந்தபோது வராத கண்ணீர் இப்போது வந்தது. அதைத் துடைக்கவும் இல்லை.

"ஒரு தடவையாவது என்னையும் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பீங்களா?"

தாழ்வாரத்தின் கோடியில் யாரோ வாளியை இழுக்கும் சத்தம் கேட்டது. அவர் இடது காலைப் பார்த்து மடக்கி, மெதுவாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாட்டேன்," என்றார்.